பச்சை இகுவானாவைப் பழக்குவது எப்படி? சத்துவாச்சாரியிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியின் சாரம் இது. உறவினர் ஒருவர் கொடுத்த, ஏறக்குறைய ஒரு வயதான, வால் நுனிவரை இரண்டடி நீளமுள்ள பச்சை இகுவானா என்னும் பல்லியின விலங்கு உங்களிடம் இருக்கிறது. கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு வாலால் அடிக்கிறது. விற்றவர் சொன்னபடி வேகவைத்த முட்டையும் கோழிக்கறித் துண்டும் கொடுத்து வருகிறீர்கள். வேலூர் சத்துவாச்சாரியில் உங்கள் வீட்டு மாடியில், தகரக் கூரை போட்ட அறையில், கண்ணாடித் தொட்டிக்குள் அதை வைத்திருக்கிறீர்கள். தோளில் அமர்ந்து வரும் அளவுக்கு அதை எப்படிப் பழக்குவது என்றும், அது முடியாதென்றால் ஜவ்வாது மலையடிவாரத்தில் கிடைப்பதாகச் சொல்லப்படும் உடும்புக் குட்டி ஒன்றை வாங்கி வளர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உடும்பைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் யோசிப்பதற்கு எதுவும் இல்லை. உடும்பு, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்கு உரிய குற்றங்கள். அமிர்தி, ஒடுகத்தூர்ப் பக்கத்துக் காடுகளில் தைலத்துக்காகவும் கறிக்காகவும் இந்த உயிர் நெடுங்காலமாக வேட்டையாடப்பட்டு வந்திருக்கிறது. வளர்ப்பதற்காகவும் நாம் அதைக் கேட்கத் தொடங்கினால் பிடிப்பவர்களுக்கு இன்னொரு சந்தையை நாமே திறந்து வைத்தவர்களாவோம். யாராவது உங்களிடம் குட்டியைக் கொண்டுவந்தால் வாங்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

இகுவானாவின் நிலை வேறு. அது நடு அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் உரிய விலங்கு. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. 2022இல் நம் சட்டம் திருத்தப்பட்டபின் இத்தகைய வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றாயிற்று. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இந்தப் பதிவைச் செய்ய வேண்டும். புதிதாகக் கைக்கு வந்த உயிரை 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். உறவினர் பதிந்திருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் விவரம் கேட்டு முறைப்படுத்திக்கொள்ளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, நடைமுறையிலும் அந்தப் பதிவுத் தாள் உதவும். நம் தெருக்களில் இதைப் பார்க்கிறவர்கள் ஒன்று ஓணான் என்பார்கள், இல்லையேல் உடும்பு என்பார்கள். உடும்பு என்று நினைத்து ஒருவர் புகார் கொடுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இகுவானா வாலால் அடிப்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஆறுதல் தரும் செய்தியாகவே படுகிறது. அடிப்பதற்கு அதன் தசையில் வலுவும், வாலைச் சுழற்றுவதற்கு எலும்பில் உறுதியும், ஆபத்தை உணர்வதற்குத் தெளிவும் இன்னும் இருக்கின்றன. நான் அஞ்சுவது சாதுவான குட்டிகளைக் கண்டுதான். 'எங்கள் வீட்டு இகுவானா மிகவும் சாது, எடுத்த இடத்தில் அப்படியே இருக்கும், தொடையெல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறது' என்று மகிழ்ச்சியோடு சொல்கிறவர்களின் குட்டிகளைப் பார்த்தால், கீழ்த்தாடை ரப்பரைப் போல வளையும், கால்விரல்கள் நடுங்கும், பின்னங்கால்கள் தரையில் இழுபடும். கொழுப்பு என்று அவர்கள் நினைத்த அந்தத் தொடை, கால்சியம் இழந்து மெலிந்த எலும்பைத் தாங்குவதற்காக உடல் அதைச் சுற்றி நார்த்திசுவைச் சேர்த்ததால் வந்த வீக்கம். அந்த விலங்கு பழகிவிட்டதாக எண்ணுவது தவறு. எதிர்க்கச் சக்தி இல்லாமல் அது அடங்கிக் கிடக்கிறது. ஆகவே, பழக்கும் முறையைக் கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தீவனத்தையும் பற்றித்தான் முதலில் சொல்வேன். உடல் தேறிய விலங்கை மட்டுமே பழக்க முடியும். நோயுற்ற விலங்கின் அமைதியைக் கொண்டு நம் பழக்கும் திறனை அளக்கக் கூடாது.

உங்கள் நிலையில் எல்லாவற்றிலும் அவசரமானது அந்த மாடி அறை. இகுவானா வளர்ப்பைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டவர் எழுதியவை. அவை கூண்டை எப்படிச் சூடாக்குவது என்பதையே பக்கம் பக்கமாக விளக்கும். வேலூரில் வளர்ப்பவருக்கு மாசி பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும் அதற்கு நேர்மாறான கவலை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. கோட்டை மதிலும் சுற்றியுள்ள பாறைக்குன்றுகளும் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும் ஊர் இது. இகுவானா வெப்பத்தை விரும்பும் விலங்குதான், ஆனால் எந்த அளவும் தாங்கும் என்று பொருளல்ல. வெயில் காயும் இடம் 35 முதல் 38 டிகிரி, கூண்டின் மற்ற பகுதிகள் 27 முதல் 31 டிகிரி, இரவில் 23 முதல் 25 டிகிரி என்ற அளவில் அது நன்றாக இருக்கும். முக்கியமானது, ஒரே கூண்டுக்குள் சூடான இடமும் குளிர்ந்த இடமும் இருந்து, தனக்கு வேண்டியதை அதுவே நகர்ந்து சென்று தேர்ந்துகொள்ள முடிவது. ஊர்வனவற்றின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்குவதில்லை. இடம் மாறுவதுதான் அவற்றின் வெப்பக் கட்டுப்பாடு. தகரக் கூரையின்கீழ் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் நகர்ந்து போக வேறு இடமே கிடையாது. சித்திரை மாதத்து நடுப்பகலில் அந்தத் தொட்டி ஒரு மணி நேரத்துக்குள் உயிரைக் குடித்துவிடும். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குவது உடல் சூடேறிவிட்டதற்கு அடையாளம். அதைக் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த நீரில் அல்லாமல் சாதாரண நீரில் உடம்பை நனையுங்கள்.

கண்ணாடித் தொட்டியை யாருக்காவது மீன் வளர்க்கக் கொடுத்துவிடுங்கள். கீழ்த்தளத்தில், நேர்வெயில் நாள் முழுவதும் அடிக்காத ஓர் அறையில், தச்சரிடம் சொல்லி ஆறடி உயரமும் ஆறடி அகலமும் மூன்றடி ஆழமும் கொண்ட கூண்டு செய்யச் சொல்லுங்கள். இரண்டடிக் குட்டிக்கு இது மிகை என்று தோன்றும். ஆனால் நன்றாக வளர்ந்த ஆண் இகுவானா ஐந்தடியைத் தாண்டும், சில ஆறடியையும் தொடும். நன்கு பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். சிறிய கூண்டு வாங்கி மாற்றி மாற்றிச் செலவழிப்பதைவிட முதலிலேயே பெரியதைச் செய்வது மலிவு. கோழிக்கூண்டுக்குப் போடும் மெல்லிய கம்பிவலை வேண்டாம். மூக்கை அதில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும், நகமும் விரலும் சிக்கி ஒடியும். பிளாஸ்டிக் பூசிய தடித்த வலையே நல்லது. மரத்தில் வாழும் விலங்கு என்பதால் அதற்குத் தரையைவிட உயரமே வீடு. கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ, அதன் உடம்பின் பருமனுக்குக் குறையாத கனத்தில், குறுக்காகவும் சாய்வாகவும் இறுக்கமாகக் கட்டுங்கள். அரளியின் இலை, தண்டு எல்லாமே நஞ்சு என்பதால் அந்தக் கிளை கூண்டின் அருகிலும் வரக் கூடாது. தரையில் மணலோ ஜல்லியோ மரத்தூளோ போடாமல் செய்தித்தாள் விரியுங்கள். தீவனத்தோடு சேர்த்து விழுங்கினால் மணல் குடலை அடைத்துவிடும். அடியில் ஒரு கடப்பா கல் பலகை கிடந்தால் கோடையில் அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

ஈரப்பதமும் நம் ஊரில் கவனிக்க வேண்டியதே. மழைக்காடுகளிலும் ஆற்றோரங்களிலும் வாழும் விலங்குக்கு 60 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதம் தேவை. பாலாறு வறண்டு காற்று அனலாக வீசும் மாதங்களில் நம் அறைகளில் அது பாதிகூட இருக்காது. நனைத்த கோணிச் சாக்கையோ வெட்டிவேர்த் தட்டியையோ கூண்டின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் இலைகள்மேல் நீர் தெளித்தால் வெப்பமும் தணியும், ஈரமும் கூடும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இருந்தால் காற்று நேராக விலங்கின்மேல் படாதபடி வைத்து ஓட்டலாம். மின்தடை வந்தால் என்ன செய்வதென்று முன்பே யோசித்து வையுங்கள். சாக்கும் தண்ணீரும் மின்சாரத்தை நம்பியிருப்பவை அல்ல. மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20 டிகிரிக்கும் கீழே போகும்போது மட்டும் வெளிச்சம் தராத பீங்கான் வெப்ப பல்பு ஒன்று வேண்டியிருக்கும். அதை வலைக்கு வெளியே, தொட முடியாத இடத்தில் மாட்டுங்கள். சூடேறும் செயற்கைக் கற்கள் கடைகளில் விற்கிறார்கள். வயிற்றுப்புறம் வெந்துபோவதை இந்த விலங்கு தாமதமாகத்தான் உணரும் என்பதால் அவற்றை வாங்க வேண்டாம்.

வெளிச்சம் என்று நான் சொல்வது புறஊதா பி கதிரை. இகுவானா தன் தோலில் அந்தக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3ஐ உண்டாக்கும். டி3 இல்லாமல் உண்ட கால்சியம் குடலிலிருந்து உடம்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். வீட்டு டியூப் லைட்டிலும் எல்இடி பல்பிலும் இது கிடையாது. இந்தக் காரணத்தால்தான், வெளிச்சமான அறையில் ஜன்னலோரம் வளர்ந்த இகுவானாக்களும் எலும்பு நோயில் விழுகின்றன. குளிர்நாட்டவர் விலைகொடுத்து விளக்கு வாங்கிப் பெறுவது நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது. காலை எட்டு மணி முதல் பத்து மணிக்குள் அரைமணி நேரமாவது, கண்ணாடி இல்லாத வலைக்கூண்டில், பாதி நிழல் கட்டாயம் இருக்கும்படி வெளியே வையுங்கள். அந்நேரம் அருகிலேயே இருங்கள். காகமும் பருந்தும் பூனையும் தெருநாயும் குட்டியை விட்டுவைக்க மாட்டா. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களுக்காக ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புறஊதா விளக்கு ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது. அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துபோகும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் காலத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, மாற்றிவிட வேண்டும்.

தீவனத்துக்கு வருவோம். முட்டையையும் கோழிக்கறியையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பச்சை இகுவானா பிறந்த நாள் முதல் இலை தின்னும் விலங்கு. புரதம் மிகுந்தால் குட்டி வேகமாக வளர்வது உண்மைதான், அதைக் காட்டித்தான் விற்பவர்கள் அறிவுரை சொல்கிறார்கள். அந்த வளர்ச்சிக்கான விலையைச் சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் கொடுக்கும். கறியிலும் முட்டைக்கருவிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். இகுவானாவுக்கு வேண்டியதோ பாஸ்பரஸைப் போல் இரண்டு பங்கு கால்சியம். உணவில் அது கிடைக்காதபோது உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இந்த விஷயத்தில் நம் ஊர் கொடுத்துவைத்த ஊர். அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் கால்சியம் மிகுந்தவை. இவ்விரண்டும் அடிப்படைத் தீவனமாகட்டும். செம்பருத்தி இலையையும் பூவையும் விரும்பித் தின்னும், பெரும்பாலான இகுவானாக்கள் முதன்முதலில் கையிலிருந்து வாங்குவது செம்பருத்திப் பூவைத்தான். மல்பெரி இலையும், வெந்தயக்கீரையும், துருவிய பரங்கிக்காயும், பொடியாக நறுக்கிய பீன்ஸும் அவரைக்காயும் மாற்றி மாற்றிச் சேருங்கள். பப்பாளி, அத்திப்பழம் போன்றவை பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் இருக்கட்டும். பசலைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை ஆகியவற்றில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் எப்போதாவது சிறிதளவு போதும். முட்டைக்கோஸையும் காலிபிளவர் இலையையும் அன்றாடம் கொடுத்தால் தைராய்டு கெடும். சந்தையில் வாங்கும் கீரையில் மருந்து தெளித்திருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசுங்கள். வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கையும் ஓர் அகத்தியும் வேலிக்குச் செம்பருத்தியும் வைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் கவலையில்லை. முட்டைக்கும் கறிக்கும் பழகிய குட்டி முதல் சில நாட்கள் கீரையை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தளர்ந்துவிட வேண்டாம். செம்பருத்திப் பூவைக் கிள்ளி மேலே தூவினால் நாக்கு நீட்டும்.

தீவனத்தைக் காலையிலேயே வைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இலையின் நாரைச் செரிப்பது இகுவானாவின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகளே. அவை வேலை செய்ய உடல் வெப்பம் வேண்டும். காலையில் தின்று, பகலெல்லாம் சூட்டில் கிடந்தால் செரிக்கும். இரவில் தின்றது குளிர்ந்த வயிற்றில் கிடந்து புளிக்கும். தண்ணீரும் இதோடு சேர்ந்ததே. சிறுநீரகம் கெடுவதற்குப் புரதத்துக்கு அடுத்த காரணம் நாட்பட்ட தாகம். அகன்ற தட்டில் நீர் வைப்பதோடு, வாரத்தில் சில நாட்கள் அதன் தோள் உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் நிரப்பிய தொட்டியில் கால் மணி நேரம் விடுங்கள். நன்றாக நீந்தும், குடிக்கும், பெரும்பாலும் அங்கேயே கழியும். மூக்கோரம் வெள்ளையாகப் பொடி படிந்தால் சளி என்று பயப்பட வேண்டாம். மிகுந்த உப்பை மூக்குச் சுரப்பி வழியே தும்மி வெளியேற்றுவது அதன் இயல்பு.

இவ்வளவையும் சரிசெய்து, குட்டி நன்றாகத் தின்று, தினமும் கழிந்து, கண் தெளிவாக இருக்கிறது என்றானபின் பழக்கத் தொடங்குங்கள். நாயைப் போல இது நம்மை நாடி வாலாட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூட்டமாக வாழ்ந்து, தலைவனைப் பின்பற்றும் மரபு இதற்கு இல்லை. காட்டில் இதன் முட்டை முதல் முதிர்ந்த பருவம் வரை பருந்தும் பாம்பும் இதை உணவாகவே பார்க்கின்றன. தன்னைவிடப் பெரிதாக எது நெருங்கினாலும் தன்னைத் தின்ன வருவதாகவே அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். அந்தப் பெரிய உருவம் தீங்கு செய்வதில்லை, தீவனமும் கொண்டுவருகிறது என்ற அனுபவத்தை நாள்தோறும் திரும்பத் திரும்பக் கொடுப்பதே பழக்குவது. அதற்கு மேல் சில விலங்குகள் நம் மடியின் கதகதப்பை நாடி வரும், சில வரமாட்டா. இரண்டையும் ஏற்றுக்கொள்கிறவருக்கே இந்த விலங்கு பொருந்தும்.

அதன் உச்சந்தலையில் வெளிறிய சிறு செதில் ஒன்று தெரியும். அது ஒளியை உணரும் மூன்றாவது கண். உருவத்தை அது காட்டாது, மேலிருந்து விழும் நிழலைக் காட்டும். பருந்திடமிருந்து தப்பிக்க உதவும் உறுப்பு அது. மேலே இருந்து நீளும் கை அதற்குப் பருந்துதான். தொட்டியின் மேற்புறத்தைத் திறந்து கையை இறக்குகிறவர்கள் எத்தனை மாதமானாலும் அடி வாங்கிக்கொண்டே இருப்பது இதனால்தான். கூண்டுக்கு முன்பக்கக் கதவு வைத்து, அதன் கண்ணுக்குத் தெரியும்படி, பக்கவாட்டில், அதன் மார்பு மட்டத்துக்குக் கீழிருந்து கையைக் கொண்டுபோங்கள்.

முதல் சில வாரங்கள் தொடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் கூண்டருகே உட்கார்ந்து படியுங்கள், மெல்லப் பேசுங்கள், தீவனத் தட்டை வைத்துவிட்டு அங்கேயே இருங்கள். நீங்கள் இருக்கும்போதே தின்னத் தொடங்கினால் ஒரு படி ஏறியாயிற்று. பிறகு செம்பருத்திப் பூவை நீண்ட காம்போடு நீட்டுங்கள். நாட்கள் போகப் போகக் காம்பைக் குறைத்துக்கொண்டே வந்து, உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். விரல்நுனியில் பிடித்து ஊட்டினால் பூவும் விரலும் அதற்கு ஒன்றாகிவிடும் என்பதால் அதைத் தவிருங்கள். தின்னும்போது முன்னங்கால் பக்கமாக விரலின் பின்புறத்தால் தொடுங்கள். அது தாங்கிக்கொண்டால் தோள், பிறகு முதுகு என்று விரிவுபடுத்துங்கள். தலையையும் வாலையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் உடல்மொழியைப் படிக்கக் கற்றால் பாதி அடியைத் தவிர்க்கலாம். தலையை மெதுவாக இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டுவது 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற அறிவிப்பு. வேகமாகவும் பக்கவாட்டிலும் ஆட்டினால் சினம். தொண்டைப் பையை விரித்து, உடம்பைத் தட்டையாக்கிப் பக்கவாட்டில் காட்டுவது தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும் முயற்சி. வால் நுனி துடித்து, வால் வில்லாக வளைந்தால் அடுத்தது அடிதான். தடவும்போது கண்ணை மூடிக்கொள்வதைச் சுகம் என்று நினைக்கிறோம். உடம்பு தளர்ந்து, மூச்சு சீராக இருந்தால் அப்படியும் கொள்ளலாம். உடம்பு விறைத்து, உங்கள் பக்கத்துக் கண்ணை மட்டும் மூடினால் அது உங்களைப் பார்க்க விரும்பவில்லை, கையை எடுத்துவிடுங்கள்.

வாலால் அடித்தவுடன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடினால், அடித்தால் இவர் போய்விடுவார் என்று அது தெரிந்துகொள்ளும்; இகுவானா இதைக் கற்பதில் மிகவும் விரைவு. அதற்காக அமுக்கிப் பிடித்து அடக்குவதும் தவறு, அதனால் பயம்தான் வளரும். கையை மேலும் நெருக்காமல், பின்வாங்காமல், அப்படியே அசையாமல் வைத்திருங்கள். அதன் மூச்சு தணிந்து தொண்டைப் பை சுருங்கியதும் நீங்களாக மெதுவாக விலகுங்கள். ஆரம்பத்தில் அடி பயமாக இருந்தால் தோல் கையுறை போட்டுக்கொள்ளலாம். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்கும் ஊரில் வெல்டிங் வேலைக்குப் போடும் முழங்கை நீளக் கையுறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் உங்கள் அச்சம் நீங்கியதும் அதைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது கையுறைக்குப் பழகும், கைக்குப் பழகாது.

தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும், மற்றொன்று இடுப்பின் கீழும் இருந்து நான்கு கால்களுக்கும் பிடிப்பு கிடைக்க வேண்டும். காலுக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் புரளும், நகத்தால் கிழிக்கும். எக்காரணம் கொண்டும் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒடிந்து கையோடு வரும். மீண்டும் முளைப்பது கருத்து, குட்டையாக, எலும்பில்லாத குருத்தெலும்பாகவே இருக்கும். நகங்களின் நுனியை மட்டும் சில வாரங்களுக்கு ஒருமுறை வெட்டுங்கள், உள்ளே ஓடும் இரத்தக்குழாய்வரை போகாதீர்கள்.

நன்றாகப் பழகிய ஆண் இகுவானா இரண்டு மூன்று வயதில் ஒரு பருவத்தில் திடீரென்று மாறும். மேனி ஆரஞ்சு நிறம் கொள்ளும், தொடையின் அடியில் உள்ள துளைகளிலிருந்து மெழுகு போன்ற பொருள் சுரக்கும், தலையை ஓயாமல் ஆட்டும், கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடும் சண்டையிடும். அந்தச் சில வாரங்களில் உங்களையும் போட்டியாளராக எண்ணிப் பாய்ந்து கடிக்கலாம். அரம் போன்ற விளிம்புள்ள அதன் பற்கள் ஆழமாகக் கிழிக்கும், தையல் போடும் நிலை வரும். அதுவரை பழக்கியது வீணாகிவிட்டதாக எண்ண வேண்டாம். பருவம் முடியும்வரை கையில் எடுக்காமல், கண்ணாடிகளை மறைத்து, கூண்டுக்குள் உயரமான இடம் கொடுத்து விட்டுவிடுங்கள். பெண்ணாக இருந்தால் இன்னொரு கவலை உண்டு. ஆணோடு சேராமலே பல முட்டைகளைச் சுமக்கும். தோண்டுவதற்கு ஈரமண்ணும் மணலும் கலந்த ஆழமான பெட்டி கிடைக்காவிட்டால் இடாமல் அடக்கிக்கொண்டு இறந்துபோவதும் உண்டு. வயிறு உப்பி, தீவனம் குறைந்து, மூலைகளைப் பறண்டத் தொடங்கினால் பெட்டியை உடனே வையுங்கள். வைத்தும் சில நாட்களில் இடவில்லையென்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தோளில் உட்காரவைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். முழு வளர்ச்சி அடையாத, பழகிய இகுவானாவைச் சிறிது நேரம் அப்படி வைத்துக்கொள்வது முடியும். ஆனால் முகத்துக்கு அவ்வளவு அருகில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வண்டிச் சத்தத்துக்கு மிரண்டால் உங்கள் கன்னத்தையும் கண்ணையும்தான் பிடித்துக்கொண்டு ஏறும். முன்கையில் படுக்கவைத்து, அதன் தலை உங்கள் முழங்கைப் பக்கமாக இருக்கும்படி எடுத்துச் செல்லுங்கள். கிரீன் சர்க்கிள் நெரிசலுக்கோ திருவிழாக் கூட்டத்துக்கோ கொண்டுபோவது வேண்டவே வேண்டாம்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ, முதியவரோ, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவரோ இருந்தால் இன்னும் கண்டிப்பு தேவை. நலமாக இருக்கும் இகுவானாவின் குடலிலும் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதன் தட்டையும் குளியல் தொட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். முத்தம் கொடுக்காதீர்கள்.

என்றாவது ஒருநாள் வளர்க்க முடியாத நிலை வந்தால் பாலாற்றங்கரையிலோ அமிர்திக் காட்டிலோ விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரவே கூடாது. பிளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் தைவானிலும் தப்பியும் கைவிடப்பட்டும் வெளியேறிய இகுவானாக்கள் பெருகி, இன்று அங்கே பெருந்தொல்லையாகியிருக்கின்றன. சட்டமும் இதை அனுமதிக்காது. முறையாகப் பதிந்து வளர்க்கும் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுங்கள், அல்லது வனத்துறையிடம் வழி கேளுங்கள்.

மருத்துவம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதிக் கால்நடை மருத்துவமனைகளில் ஆடு, மாடு, கோழி, நாய் ஆகியவற்றைப் பார்த்துப் பழகியவர்களே மிகுதி. மலப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அவர்களால் செய்து தர முடியும். ஊர்வனவற்றில் அனுபவமுள்ளவரைக் காண வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விசாரியுங்கள். ஆட்டுக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தை உத்தேசமாக அளந்து கொடுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். இப்போதைய நிலையில், இத்தனை நாள் கறி தின்ற குட்டி என்பதால், அடுத்த மாதத்துக்குள் ஒருமுறை எடையும் தாடை உறுதியும் எக்ஸ்ரேயும் பார்த்துவிடுவது நல்லது. எடுத்துச் செல்லும்போது பருத்தித் தலையணை உறைக்குள் விட்டு, உறையின் வாயைக் கட்டி, அதைக் காற்றுத் துளைகளுள்ள பெட்டிக்குள் வையுங்கள். இருட்டில் அது அமைதியாக இருக்கும். அதிகாலையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடுங்கள், நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள், பதிவுத் தாளின் நகலைக் கையில் வைத்திருங்கள்.